கோயில் படங்களுக்குச் சட்டம் போட்ட காப்பார் கடை

மலேசியாவில் கிள்ளான் பக்கம் இருக்கும் காப்பார் ஊரில், மார்க்கெட்டுக்குப் பின்னால் படச்சட்டம் போடும் சின்னக் கடை ஒன்று இருக்கிறது, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபம் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். சுண்ணாம்புச் சுவர், மரக்கூரை, உள்ளே தாத்தாமார் கப்பலில் கொண்டுவந்த ரவிவர்மா அச்சுப் படங்கள் பதினொன்று. 2021 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்வரிசைப் படங்கள் நான்கும் நனைந்து, இரண்டே நாளில் பூஞ்சை பூத்துவிட்டது. அதற்கு முன் வேறொரு கடையில் சட்டம் போட்டபோது படத்தைக் கண்ணாடியோடு ஒட்ட வைத்து, பின்பக்கம் பலகையில் கோந்து தடவியிருந்தார்கள். அவசரப்பட்டு உரித்தோம், லட்சுமியின் முகம் கண்ணாடியோடு போய்விட்டது. இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

இந்தக் கடை அண்ணன் அளவெடுக்கும் முன்னால் சுவரில் கை வைத்துப் பார்த்தார். "வெள்ளம் வடிஞ்சாலும் சுவர் வடியாது அக்கா" என்றார். உண்மைதான், சுண்ணாம்புச் சுவர் மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், மேலே சிமெண்ட் பூசினால் இன்னும் மோசம். அதனால் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அமிலமில்லாத அட்டை வைத்து இடைவெளி விட்டார், சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் தக்கை ஒட்டிக் காற்றோட வழி செய்தார். ஒரு படத்துக்கு 140 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார். இரண்டு வாரம் என்றவர் நான்கு வாரம் இழுத்தார், அது ஒன்றுதான் குறை.

பெரிய முருகன் படத்தை இரண்டு பேர் சேர்ந்தும் சட்டென்று இறக்க முடியாது. அதற்கு நான் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்துக் கதையைச் சொன்னேன். 1966 நவம்பர் 4 வெள்ளத்தில், வசாரி என்ற ஓவியர் 1546இல் வரைந்த 'கடைசி இராவுணவு' ஓவியம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தண்ணீரில் கிடந்தது. பழுதுபார்த்து சாந்தா குரோசே தேவாலய வளாகத்துக்குத் திரும்ப 2016 ஆகிவிட்டது. இப்போது வெள்ளம் வந்தால் அதை அப்படியே மேலே தூக்கிவிட ஏற்பாடு இருக்கிறது. அண்ணன் கேட்டுவிட்டு உத்தரத்தில் இரண்டு கப்பி மாட்டி, கயிறு கோத்துக் கொடுத்தார். இரண்டு பேர் இழுத்தால் போதும், படம் கூரைக்கடியில் போய் நிற்கிறது.

முகம் போன லட்சுமியை மட்டும் அவர் தொடவில்லை. தன் கைவேலை இல்லை, இதற்கென்று படித்தவர்கள் பார்க்க வேண்டும், அதுவரை கண்ணாடியையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்றார். அந்த வார்த்தைக்காகவே மற்ற ஆறு படங்களையும் அவரிடமே கொடுக்கப்போகிறோம்.