ராயல் கிரசென்ட்டா, பெட்ஃபோர்டு சதுக்கமா?

இங்கிலாந்தின் ஜார்ஜிய, அதாவது ஜார்ஜ் மன்னர்கள் காலத்து, வரிசை வீடு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பாத் நகரத்து ராயல் கிரசென்ட்தான். புல்வெளிக்கு மேலே பிறை மாதிரி வளைந்து நிற்கிற தேன்நிறக் கட்டடம். தூரத்திலிருந்து ஒரே அரண்மனை போலத் தெரியும். உள்ளே இருப்பது 30 தனி வீடுகள். கட்டடக் கலைஞர் இளைய ஜான் வுட் 1767 முதல் 1775 வரை கட்டியது. அது முடிந்த அதே 1775-இல் லண்டன் புளூம்ஸ்பரியில் பெட்ஃபோர்டு சதுக்கத்து வேலை தொடங்கி, 1783 வாக்கில் முடிந்தது. இரண்டுமே அரசின் பழங்கட்டடப் பாதுகாப்புப் பட்டியலில் முதல் நிலையில் இருப்பவை.

வீட்டின் அடிப்படை அமைப்பு இரண்டிலும் ஒன்றேதான். அகலம் குறைவு, உயரம் அதிகம், பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். நிலவறையில் சமையலறை, தரைத்தளத்தில் சாப்பாட்டு அறை, முதல் மாடியில் விருந்தினர் கூடம், உச்சியில் வேலைக்காரர்கள். எந்த மாடிக்கு மதிப்பு அதிகம் என்பதைச் சன்னல் உயரமே காட்டிக்கொடுத்துவிடும்.

வேறுபாடு முகப்பில் இருக்கிறது. பாத்தில் தரைத்தளம் மொட்டையாக இருக்கும். அதற்கு மேலே இரண்டு மாடி உயரத்துக்கு 114 அயோனியத் தூண்கள், அதாவது தலைப்பில் சுருள் வைத்த கிரேக்க பாணித் தூண்கள். நடு வீடு எது என்று காட்ட, அங்கே மட்டும் தூண்களை இரட்டையாக நிறுத்தியிருக்கிறார் வுட். அவ்வளவுதான் அலங்காரம். இந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும். ஆனால் எது யார் வீடு என்று தேட வேண்டியிருக்கும்.

பெட்ஃபோர்டு சதுக்கம் செங்கல். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் வரும் வீடுகளுக்கு மட்டும் வெள்ளைச் சுண்ணப் பூச்சு. வடக்கிலும் தெற்கிலும் ஒரே முக்கோண முகட்டை இரண்டு வீடுகள் பங்குபோட்டுக்கொள்வதால், சரியாக நடுவில் ஒரு ஒட்டுத்தூண் (சுவரோடு ஒட்டிய தட்டைத் தூண்) வந்து உட்கார்ந்துவிட்டது. நடுவில் தூண் இல்லாமல் இடைவெளிதான் வர வேண்டும் என்கிற கட்டடக்கலை இலக்கணப்படி இது பிழை. அதற்காக நான் மதிப்பெண் குறைக்கப் போவதில்லை. வாசல்களுக்கு அருகே போய்ப் பாருங்கள். வளைவைச் சுற்றிப் புழு அரித்தது போன்ற கற்கள், உச்சிக்கல்லில் தாடி வைத்த ஒரு முகம். அவை செதுக்கிய கல்லே அல்ல. லண்டனின் லாம்பெத் பகுதியில் எலினோர் கோட் என்ற பெண் நடத்திய தொழிற்சாலையில் அச்சில் வார்த்துச் சூளையில் சுட்ட செயற்கைக் கல். இன்றும் கூர் மழுங்காமல் இருக்கிறது.

பாத்தின் குறும்பு பின்பக்கத்தில் இருக்கிறது. வுட் வகுத்தது முகப்பை மட்டும்தான். வாங்கியவர்கள் ஆளுக்கொரு கட்டுமானரை வைத்து, பின்னால் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டார்கள். அதனால் முன்னால் ராணுவ அணிவகுப்பு, பின்னால் ஏறியும் இறங்கியும் துருத்தியும் நிற்கிற சந்தைக் கூட்டம்.

இப்படிப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள வீடு குடியிருக்கத் தொல்லைதான். பட்டியல் என்றால் முகப்போடு முடிவதில்லை. படிக்கட்டும் கூரைச் சாந்து வேலைப்பாடும் அதில் அடக்கம், அனுமதி இல்லாமல் மாற்றினால் குற்றம். கிரசென்ட்டில் 22-ஆம் எண் வீட்டுக்கார அம்மா 1970-களில் கதவுக்கு மஞ்சள் பூச, வெள்ளையடிக்கச் சொன்னது நகர நிர்வாகம். விசாரணைவரை போய் மஞ்சள்தான் ஜெயித்தது.

எனக்கு ஒன்றைக் கொடுத்தால் லண்டன் வாசலைத்தான் எடுத்துக்கொள்வேன். பாத்துக்குப் போகிறவர்கள் புல்வெளியில் படம் எடுத்த கையோடு, பின்பக்கத்தையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள்.