பர்னிஷ்டு வீடு எடுக்கிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பர்னிஷ்டு வீடு என்று சொல்லிக் கூடுதல் வாடகை வாங்கினார்கள். குடியேறிய பிறகு பார்த்தால் உள்ளே இருந்த சாமானில் பாதி எதற்கும் உதவாது. அதே சாமானை நாங்கள்தான் கெடுத்துவிட்டோம் என்று சொல்லி, காலி செய்யும்போது அட்வான்ஸில் பெரிய தொகையைப் பிடித்துக்கொண்டார்கள். ஓனர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இதே மாதிரி வீடு தேடிக்கொண்டிருக்கிற ஒருவராவது தப்பிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வீடு பார்க்கப் போனபோது ஹாலில் நல்ல சோபா, படுக்கையறையில் கனமான மரக் கட்டில், புது மெத்தை எல்லாம் இருந்தன. சாவி வாங்கிக்கொண்டு உள்ளே போன அன்று அந்தக் கட்டில் இல்லை, அதற்குப் பதில் கால் ஆடுகிற ஒரு பழைய இரும்புக் கட்டிலும் நடுவில் பள்ளம் விழுந்த மெத்தையும் கிடந்தன. கேட்டால், "கட்டில், மெத்தை தர்றதா சொன்னோம், தந்திருக்கோமே" என்கிறார் ஓனர். ஒப்பந்தத்திலும் "கட்டில் 1, மெத்தை 1" என்றுதான் இருந்தது. இதனால்தான் சொல்கிறேன், சாமான் பட்டியலில் பெயரும் எண்ணிக்கையும் மட்டும் இருந்தால் அது ஓனருக்குத்தான் வசதி. என்ன மரம், என்ன அளவு, எந்தக் கம்பெனி, மாடல் எண், எங்கே கீறல் இருக்கிறது என்பது வரை அதில் இருக்க வேண்டும்.

படுக்கையறையில் ஒரு பீரோ பூட்டியே இருந்தது. "எங்க சாமான் கொஞ்சம் உள்ள இருக்கு, அப்புறம் எடுத்துக்கிறோம்" என்றார்கள். கடைசி வரை எடுக்கவில்லை. முழு வீட்டுக்கும் வாடகை வாங்கிக்கொண்டு அவர்கள் சாமானைப் போட்டு வைக்கும் இடமாக நம் அறையைப் பயன்படுத்துவது நியாயமே இல்லை. அதை எடுக்கிறேன், இதைப் பார்க்கிறேன் என்று நம் வீட்டுக்குள் வந்து போகவும் அது ஒரு சாக்காகிவிடுகிறது.

மெத்தை விஷயம் இன்னும் மோசம். குடியேறிய கொஞ்ச நாளிலேயே உடம்பெல்லாம் வரிசையாகத் தடிப்பு. மெத்தையைப் புரட்டிப் பார்த்தால் ஓரத் தையல் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள், மூட்டைப்பூச்சியின் எச்சம். ஓனரோ, "வீடு மாசக்கணக்கா காலியாத்தான் இருந்துச்சு, அப்ப பூச்சி எப்படி இருக்கும், நீங்கதான் கொண்டு வந்திருப்பீங்க" என்று நம் மேலேயே பழியைப் போட்டார். மூட்டைப்பூச்சி ரத்தமே குடிக்காமல் பல மாதம் உயிரோடு இருக்கும், அதனால் காலி வீடு என்பது எதற்கும் ஆதாரம் கிடையாது. ஒரு தடவை மருந்து அடித்தாலும் பல நேரம் முட்டை தப்பிவிடும், அது பொரிந்த பிறகு மறுபடியும் அடிக்க வேண்டும். வீடு பார்க்கப் போகும்போதே போன் டார்ச்சை அடித்து மெத்தையின் தையல் ஓரம், கட்டில் சட்டம் சேரும் இடுக்கு, சோபாவின் அடிப்பக்கம் எல்லாம் பாருங்கள். கூச்சப்படவே வேண்டாம். வாடகைக்கு விடும் ஓனர் ஒன்று புது மெத்தை போட வேண்டும், இல்லையென்றால் சுத்தமான மெத்தையைக் கழற்றித் துவைக்கக்கூடிய உறையோடு தர வேண்டும். முடியாது என்றால் மெத்தையே வேண்டாம், கட்டில் மட்டும் போதும் என்று சொல்லி வாடகையைக் குறைத்துக் கேளுங்கள்.

பிரிட்ஜில் விளக்கு எரிந்தது, மோட்டார் சத்தமும் வந்தது, ஆனால் வைத்த சாப்பாடு மறுநாளே கெட்டுப் போனது. உள்ளே வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது, ஃப்ரீசரில் மைனஸ் 18 இருக்க வேண்டும். எங்கள் பிரிட்ஜில் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் போயிருந்தது. ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், சுலபமாக வந்துவிட்டால் ரப்பர் சரியில்லை. குளிர் வெளியேறிக்கொண்டே இருப்பதால் மோட்டார் ஓயாமல் ஓடும், கரண்ட் பில்லும் நம் தலையில்தான் விழும்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கீசர் விஷயத்தை என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. குழாயைத் தொட்டால் கை சுரீர் என்றது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்தால் கீசருக்கு எர்த் வயரே இணைக்கவில்லை. பழைய ஹீட்டிங் காயிலில் மின்கசிவு வேறு. வீட்டில் குழந்தைகள் இருந்தார்கள், என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது. மெயின் போர்டில் மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று கேளுங்கள். ஆள் உயிரைக் காக்க 30 மில்லி ஆம்பியர் வகை இருக்க வேண்டும். அதில் டெஸ்ட் பொத்தான் ஒன்று இருக்கும், அழுத்தினால் உடனே டிரிப் ஆக வேண்டும். கேஸ் கீசர் என்றால் இன்னும் கவனம் தேவை, காற்றோட்டம் இல்லாத குளியலறையில் அது இருந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது, மயங்கி விழும் வரை தெரியாமலே போகலாம். அதைக் குளியலறைக்கு வெளியே மாற்றித் தரச் சொல்லுங்கள், மறுத்தால் அந்த வீடே வேண்டாம்.

ஓனர் எல்லாம் தர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. படுக்க உறுதியான கட்டில், துணி வைக்க அலமாரி, உட்கார மேசை நாற்காலி, ஒழுங்கான அடுப்பு, குளிர்கிற பிரிட்ஜ், ஜன்னலுக்குத் திரை, எல்லா அறையிலும் விளக்கு, இவ்வளவு போதும். போர்வை, தலையணை எல்லாம் அவரவர் கொண்டு வருவதுதான் சுத்தம். எண்ணிக்கை காட்டுவதற்காகப் பத்து உடைந்த சாமானைப் போடுவதைவிட ஐந்து நல்ல சாமான் எவ்வளவோ மேல்.

காலி செய்யும் நாளில், சோபா கைப்பிடி கிழிந்ததற்கும் பிரிட்ஜ் ரிப்பேருக்கும் புதுச் சாமான் விலையைப் போட்டுக் கணக்கு நீட்டினார் ஓனர். பல வருஷம் பழகிய சோபா துணி வெளுப்பதும் மெத்தை அமுங்குவதும் தேய்மானம், அதற்குக் குடியிருப்பவர் பொறுப்பில்லை. சிகரெட் சூடு பட்டு ஓட்டை விழுந்தால் அது வேறு, அப்போதும் அந்தப் பழைய சாமானின் மதிப்பைத்தான் கேட்கலாம், புதுசின் விலையை அல்ல. நல்ல வேளையாக, அவர்கள் வாடகை விளம்பரத்தில் போட்ட படத்தை என் மனைவி போனில் வைத்திருந்தாள். அதிலேயே சோபா கைப்பிடி கிழிந்திருந்தது. அதைக் காட்டிய பிறகு சோபா பணம் மட்டும் திரும்பி வந்தது. மீதிக்கு இன்னும் அலைந்துகொண்டிருக்கிறோம்.

அதனால் விளம்பரப் படங்களை அவர்கள் அழிக்கும் முன் சேமித்து வையுங்கள். சாவி வாங்கும் அன்றே ஓனரையும் கூட வைத்துக்கொண்டு அறை அறையாக வீடியோ எடுங்கள், ஒவ்வொரு சாமானையும் போட்டு ஓடவிட்டு எடுங்கள், கரண்ட் மீட்டர் ரீடிங்கும் அதில் தெரியட்டும். எது பழுதானால் யார் செலவு, எத்தனை நாளில் சரி செய்ய வேண்டும் என்று பட்டியலின் கீழேயே எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் அட்வான்ஸ் பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள், "நம்பிக்கைதாங்க முக்கியம்" என்று புரோக்கர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.