கன்றோடு விளக்கமும் தரும் நாற்றுப்பண்ணை

கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர்ப் பக்கம் மா நாற்றுப்பண்ணைகளுக்குப் பஞ்சமில்லை என்றாலும், சென்ற ஆடியில் நான் 10 ஒட்டுக்கன்றுகள் வாங்கிய பண்ணையை, அதன் உரிமையாளர் விளக்கிச் சொல்லும் விதத்துக்காகவே பரிந்துரைப்பேன். இரு செடிகளை இணைத்த ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும் என்று சொன்னதோடு விடாமல், தழும்பு போலிருந்த அந்த முடிச்சின்மேல் என் விரலை வைக்கச் செய்து, அதற்குக் கீழே துளிர்ப்பதெல்லாம் நாம் வாங்கிய ரகமல்ல, வேருக்காகக் கீழே வைத்து ஒட்டிய வேர்ச்செடியின் கிளை என்பதால் உடனே கிள்ளிவிட வேண்டும் என்றார். 3 அடிக் குழியின் அளவைக்கூடக் குச்சியால் தரையில் கோடிழுத்தே காட்டினார். “புரிந்ததா?” என்று கேட்காமல், “எப்படி நடுவீர்கள், நீங்களே சொல்லுங்கள்” என்று அவர் கேட்டபோதுதான், தொழுவுரத்தை மேல்மண்ணோடு கலப்பதை நான் மறந்திருந்தது தெரிந்தது. ரகப் பெயர் அட்டைகளின் மைதான் முதல் மழைக்கே கரைந்துவிட்டது. எது பெங்களூரா, எது அல்போன்சா என்று இப்போது இலையைப் பார்த்து ஊகித்துக்கொண்டிருக்கிறேன்.