டிராக்பால் வைத்த கீபோர்டு: மவுஸுக்கு இடமில்லாத மேஜைக்கு

கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். மேஜையில் பாதியை பில் கட்டுகளும் சாம்பிள் டப்பாக்களும் பிடித்துக்கொள்ளும், மிச்ச இடத்தில் தேயிலைத் தூள் படிந்து மவுஸ் நகராது. அதனால் வலது ஓரத்தில் டிராக்பால் பதித்த கீபோர்டு வாங்கினேன், ரொம்பத் திருப்தி. டிராக்பால் என்பது கீபோர்டிலேயே இருக்கும் ஒரு பந்து; அதை விரலால் உருட்டினால் போதும், திரையில் கர்சர் நகரும், கை அங்கேயே இருக்கும், மணிக்கட்டு வலியும் குறைந்திருக்கிறது. படம் வரைகிற வேலைக்கு மட்டும் இது சரிப்படாது.

வாங்குமுன் பந்தின் அளவைப் பாருங்கள். கோலிக்குண்டு அளவு என்றால் திரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போக உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 34 மில்லிமீட்டர் பந்து எவ்வளவோ மேல்.

அப்புறம், பந்தைக் கையாலேயே கழற்ற முடிகிறதா என்று கட்டாயம் கேளுங்கள். அது மூன்று குட்டி மணிகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, கை எண்ணெயும் தூசியும் சேர்ந்து அந்த மணிகளில் சாம்பல் நிறப் பிசுக்கு ஒட்டிக்கொள்ளும், கர்சர் திக்கித் திக்கிப் போக ஆரம்பித்தால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். பந்தை எடுத்துவிட்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியால் மூன்றையும் துடைத்தால் பழையபடி வழுக்கிக்கொண்டு ஓடும்.

இடது கைக்காரர்களுக்கு வலப்பக்கப் பந்து சிரமம்தான். என் ஒரே குறை நம்பர் பேட் இல்லாதது: நிறைய மாடல்களில் அந்த இடத்தைத்தான் பந்து எடுத்துக்கொள்கிறது, நாள் முழுக்க எண்களை அடிக்கிறவர்கள் தனியாக ஒரு யுஎஸ்பி நம்பர் பேடும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.