ஃபாயில் பிவி பை: பனிமலைக்குப் போகிறவர்கள் வாங்கலாமா?

பனிக்காலத்தில் மலையேறுகிறவர்கள் அவசரத்துக்கு என்று வைத்துக்கொள்ளும் ஃபாயில் பிவி பையைப் பற்றித்தான், அதாவது பளபளக்கும் மெல்லிய தாளால் ஆன, ஆள் உள்ளே புகுந்துகொள்ளும் பை. எடை 110 கிராம், மடித்தால் உள்ளங்கையில் அடங்கிவிடும், அதனால் எடுத்துப் போகாமல் இருக்கக் காரணமே இல்லை. குறையை முதலில் சொல்லிவிடுகிறேன்: பையை மடித்து வைக்கும் உறையின் வாயை இறுக்கும் லாக் ரொம்பச் சின்னது, தடித்த கையுறையோடு அதை அழுத்தவே முடியவில்லை, கையுறையைக் கழற்றினாலோ அந்தக் காற்றில் விரல் உடனே மரத்துப்போகிறது. லாக்கை எடுத்துவிட்டு நீளமான நாடா ஒன்றைக் கட்டியிருக்கிறேன், இப்போது பல்லால் கடித்து இழுத்தாலும் திறக்கிறது.

காற்றை நன்றாகவே தடுக்கிறது. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால் தோலுக்கு மைனஸ் 21 போல உறைக்கும் என்பதால், இது ஒன்றுக்காகவே வாங்கலாம். ஆனால் ஃபாயில் நம் உடம்புச் சூட்டைத்தான் திருப்பித் தரும், தானாகச் சூடு உண்டாக்காது, தரை உறிஞ்சுகிற சூட்டையும் தடுக்காது. முதுகுப்பையோ கயிறோ, இருப்பதைக் கீழே போட்டு அதன்மேல்தான் உட்காரணும். மூச்சுக்காற்று உள்ளே படிந்து துளித்துளியாக வழிகிறது, முகத்தை வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

உறையில் அச்சடிக்காத விஷயம், இதை எப்போது பிரிப்பது என்பது. உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே ஹைப்போதெர்மியா, கால் தள்ளாடும், பேச்சு குழறும், ஜிப்பை இழுக்க விரல் வராது, கூடவே புத்தியும் மந்தமாகிவிடும். 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்று நடந்துகொண்டே இருக்க வைப்பதும் அந்த மந்தம்தான். குளிரில் விறைத்திருப்பவரின் நடுக்கம் திடீரென்று நின்றால் தேறிவிட்டார் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள், நிலைமை முற்றுகிறது என்று அர்த்தம். அதனால் எத்தனை மணிக்குத் திரும்புவது, யாராவது தடுமாறினால் என்ன செய்வது என்பதையெல்லாம் தெளிவான தலையோடு, கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். வழி தெரியாமல் பனிமூட்டம் சூழ்ந்தால், உடம்பில் தெம்பு இருக்கும்போதே ஒதுங்கி, ஈர உடையை மாற்றிக்கொண்டு பைக்குள் போய்விடணும்.

கூடவே வருகிற விசில் நல்ல சத்தம். உதவி கேட்க நிமிடத்துக்குள் 6 முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஊதணும், கேட்டவர்கள் 3 முறை ஊதிப் பதில் தருவார்கள்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். தனியாகப் போகிறவருக்கு இது போதும், மூன்று நான்கு பேராகப் போனால் எல்லோரும் ஒன்றாக உட்காரக்கூடிய குழுக் கூடாரத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.