மூங்கில் புட்டுக்குழல், வடசேரி சந்தைக் கடை

அலுமினியக் குழலில் ஆவி தண்ணீராகி ஓரத்துப் புட்டைக் குழைத்துவிடும். மூங்கிலில் அந்தத் தொல்லை குறைவு. மிஞ்சிய ஈரத்தை அதுவே இழுத்துக்கொள்ள, புட்டு உதிரியாக, லேசான மூங்கில் மணத்தோடு வருகிறது. நாகர்கோவில் வடசேரியில் ஒரு கூடைக் கடையில் 400 ரூபாய்க்கு வாங்கினேன். கை சுடாமலிருக்க வெளியே கயிற்றை இடைவெளியின்றிச் சுற்றியிருக்கிறார்கள். அந்தக் கைவேலைக்கே காசு தகும்.

முற்றிய மூங்கிலா என்று கேட்டு, விரிசல் பார்த்து வாங்குங்கள். இளசாக இருந்தால் வண்டு சீக்கிரம் துளைக்கும். சோப்பு வேண்டாம், மூங்கில் அதைக் குடித்துக்கொள்ளும். வெந்நீரில் கழுவி நன்றாக உலர்த்துங்கள். ஈரத்தோடு அலமாரியில் வைத்தால் பூசணம் பிடிக்கும். அம்மா விறகடுப்புக்கு மேலே தொங்கவிடுவார், புகை பட்டால் வண்டு அண்டாது. குக்கரில் பொருத்துகிற வகையும் அங்கே உண்டு. எனக்குப் பிடித்தது குடத்தின் மேல் வைக்கிற பழைய வகைதான்.