கொலுசுப் பட்டறைக்கு ரெடிமேட் எக்செல் ஷீட்: வாங்கலாம், ஆனால் பார்முலாவைத் திறந்து பாருங்கள்

சேலத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்களுக்காக ஒருவர் தயாரித்து விற்கும் கணக்கு ஷீட் இது. வெள்ளி கொடுத்தது, கொலுசாக வந்தது, சேதாரம், கூலி எல்லாம் ஒரே பைலில். சிவதாபுரத்தில் எங்கள் பட்டறைக் கணக்கு என் பொறுப்பு என்பதால் வாங்கி, தீபாவளி சீசன் முழுக்க ஓட்டிப் பார்த்தேன்.

அமைப்பு அருமை. ஆளுக்கு ஒரு ஷீட், டிசைன் வாரியாகக் கூலி ரேட், தமிழில் தலைப்புகள், மாதக் கடைசியில் ஒரே பக்கத்தில் பிரிண்ட். எடை போடத் தெரிந்த யாரும் இதில் எழுதிவிடலாம்.

கோளாறு காலி செல்லில் இருக்கிறது. இன்றைக்கு ஒருவருக்கு 2 கிலோ வெள்ளி கொடுத்து எழுதுகிறோம். கொலுசு வர நாளாகும், அதுவரை ‘வந்த எடை’ காலி. கழிக்கும்போது காலி செல்லை எக்செல் சைபராகத்தான் எடுத்துக்கொள்ளும். உடனே 2 கிலோவும் சேதாரம் என்று அவர் பெயரில் ஏறிவிடுகிறது. வேலையே முடியாத மனிதர் மேல் இப்படி ஒரு கணக்கு நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எதுவும் எழுதாத வரிகளில் சேதார சதவீதம் கணக்கிட்டால், சைபரால் வகுக்கும் எரர் வரும். அதை மறைக்க, தயாரித்தவர் எல்லா பார்முலாவையும் இஃப்எரருக்குள் (IFERROR) போட்டு, எரர் வந்தால் 0 என்று வைத்திருக்கிறார். பார்க்கச் சுத்தமாக இருக்கிறது. ஆனால் சராசரி கெட்டுப்போகிறது. மூன்று பேருக்கு 2, 3, 4 சதவீதம் என்றால் சராசரி 3. கீழே மூன்று வரி சும்மா 0 என்று நின்றால் அதுவே 1.5. ஆவரேஜ் பார்முலா காலி செல்லை விட்டுவிடும், சைபரை விடாது. (உண்மையில் மொத்தச் சேதாரத்தை மொத்த எடையால் வகுப்பதுதான் சரி. இந்த ஷீட் அதைச் செய்வதில்லை.)

இதைவிடப் பெரிய விஷயம் கூலி. டிசைன் நம்பரை வைத்து விலுக்அப் (VLOOKUP) பார்முலா ரேட்டைத் தேடுகிறது. நம்பரை மாற்றி அடித்துவிட்டால் ‘கிடைக்கவில்லை’ என்ற எரர் வர வேண்டும். இஃப்எரர் அதையும் விழுங்கி, கூலி 0 என்கிறது. “அக்கா, போன வாரம் போட்டுக் குடுத்த ஜோடிக்குக் கூலியே ஏறலீங்களே” என்று எங்கள் ஆள் ஒருவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவர் கேட்காமல் போயிருந்தால்?

நான் மாற்றிய விதத்தைச் சொல்கிறேன். ஷீட்டில் இந்த பார்முலாக்களை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். கொடுத்த எடை பி பத்தியிலும் வந்த எடை சி பத்தியிலும் இருந்தால் சேதாரத்துக்கு:

=இஃப்(கவுண்ட்(பி2:சி2)<2,"",பி2-சி2)

இரண்டு எடையும் எண்ணாக இருந்தால்தான் கழிக்கும். யாராவது தெரியாமல் ஸ்பேஸ் தட்டியிருந்தாலும் ஏமாறாது. மொத்தம் போட சம் மட்டும் பயன்படுத்துங்கள். பார்முலா வைத்த வெற்று மேற்கோள் ("") காலி மாதிரித் தெரிந்தாலும் எக்செலுக்கு அது எழுத்து. கூட்டல் குறி போட்டால் வேல்யூ எரர் வரும், சம் அதைக் கண்டுகொள்ளாது.

கூலிக்கு இஃப்எரரை எடுத்துவிட்டு இஃப்என்ஏ (IFNA) போட்டேன். அது ‘கிடைக்கவில்லை’ எரரை மட்டும் பிடிக்கும். 0க்குப் பதில் "டிசைன் இல்லை" என்று எழுத வைத்தேன். மற்ற எரர் அப்படியே கண்ணில் படட்டும், படத்தான் வேண்டும். இஃப்என்ஏ 2013 எக்செலில் வந்தது, அதற்கு முந்தைய பதிப்பில் ஓடாது. இன்னொன்று: டிசைன் இருந்து ரேட் மட்டும் காலியாக இருந்தால் எரரே வராது, விலுக்அப் 0 கொடுக்கும். அதற்குத் தனியாக ஒரு இஃப் வைத்து "ரேட் போடவில்லை" என்று சொல்ல வைக்க வேண்டும்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அமைப்புக்காக மட்டுமே அந்த மூன்று. விற்றவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஏற்கெனவே வாங்கியவர்கள் கன்ட்ரோல் எஃப் அடித்து, பார்முலாக்களில் இஃப்எரர் என்று தேடி, கூலிக் கட்டத்தில் இருப்பதை முதலில் மாற்றுங்கள். போன மாதங்களில் கூலி 0 என்று நிற்கும் வரிகளையும் ஒரு தடவை சீட்டோடு சரிபார்த்து, விட்டுப்போனதைக் கொடுத்துவிடுங்கள்.